ஒற்றைக் கொலுசும் அரைக் கிலோ மிளகும்

"கூட யாரும் வரலையா?"

தனியாக ஊர் சுற்றும் பெண்ணிடம் நம் ஊரில் முதலில் கேட்பது இதைத்தான். பேர் என்ன, ஊர் எது என்பதெல்லாம் அப்புறம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார், லாட்ஜில் ரிஜிஸ்தர் எழுதுகிறவர் கேட்பார், கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ளும் அம்மாவும் கேட்பார். எனக்கு 41 வயது. பத்து வருடமாகத் தனியாகப் போய் வருகிறேன். முதல் சில வருடங்கள் இந்தக் கேள்வி காதில் விழுந்தாலே முகம் இறுகிவிடும். "இல்லீங்க" என்று ஒரே சொல்லோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பேச்சு அதோடு முடிந்துபோகும்.

இரண்டு வருடம் முன்பு மே மாதத்தில் ஏற்காடு போனபோதும் இதே கதைதான். கோடை விழா சமயம், ஊர் முழுக்கக் கூட்டம். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் என்று மூன்று நாள் அலைந்தேன். அந்த மூன்று நாளில் நான் வாய் திறந்தது டிக்கெட் கேட்க, தோசை சொல்ல, சில்லறை வாங்க. திரும்பி வந்தபோது போனில் இருநூறு படங்கள் இருந்தன. ஞாபகத்தில் ஒரு முகம்கூட இல்லை.

அதே ஊருக்கு இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு மறுபடி போனேன். இந்த முறை சுற்றிப் பார்க்க அல்ல. கும்பகோணத்தில் இருக்கும் அம்மா இரண்டு வேலை கொடுத்திருந்தாள்.

அம்மாவின் வெள்ளிக் கொலுசில் ஒன்றின் திருகாணி எங்கோ விழுந்து தொலைந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு முன்னால் என் அத்தை சேலத்தில் வாங்கிக் கொடுத்த கொலுசு. உள்ளூரில் போய்க் கேட்ட கடைகளில் எல்லாம் "எடைக்குப் போட்டுட்டுப் புதுசா எடுத்துக்குங்க" என்றார்கள். அம்மாவுக்கு மனசில்லை. "வாங்கின ஊர்லயே கேட்டுப் பாரேன்" என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள். அடுத்தது, அரைக் கிலோ மலை மிளகு. கடை மிளகில் காரமே இல்லை என்பது அவளுடைய பல வருடப் புகார்.

இந்தக் கொலுசையும் மிளகையும் சாக்காக வைத்துக்கொண்டு மூன்று நாளில் நான் பேசிய பேச்சு, அதற்கு முன் பத்து வருடப் பயணத்தில் பேசியதைவிட அதிகம். சும்மா பார்க்க வந்தேன் என்றால் ஆட்கள் வழியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அம்மா மிளகு வாங்கிவரச் சொன்னாள் என்றால் நிற்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை நாம் கேட்கிறோம் இல்லையா, அது பிடிக்கிறது போலிருக்கிறது.

சென்னையிலிருந்து ஏற்காடு எக்ஸ்பிரஸில் வந்தேன். பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது ஈரோட்டுக்குப் போகிற ரயில், மலைப்பக்கமே போகாது. விடிவதற்கு வெகுநேரம் முன்பே சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டுப் போய்விடும். அந்த இருட்டில் ஆட்டோ பிடித்துப் பஸ் ஸ்டாண்டு போகும் வீரமெல்லாம் எனக்குக் கிடையாது. பெண்கள் காத்திருப்பு அறையில் வெளிச்சம் வரும்வரை உட்கார்ந்துவிடுவேன். தனியாக வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

புது பஸ் ஸ்டாண்டில் ஏற்காடு பஸ். ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்தேன். அதுதான் தப்பு. அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருப்பார்கள், எண்ணிக்கொண்டே போகலாம், வயிறு ஒத்துழைத்தால். எனக்கு நாலாவது வளைவிலேயே வாயில் உப்புநீர் ஊறிவிட்டது. ஏழாவது வளைவில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தபோது, பக்கத்திலிருந்த அம்மா என் தாடையைப் பிடித்து முகத்தை முன்பக்கம் திருப்பினார். அதுவரை அவரை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"ஜன்னலப் பாக்காத கண்ணு. டிரைவர் முதுகையே பாரு."

பார்த்தேன். காக்கிச் சட்டை, கழுத்தில் ஒரு துண்டு. வளைவு வருவதற்கு முன்பே அந்த முதுகு அந்தப் பக்கம் சாய்ந்தது. அது சாயும்போது நம் உடம்பும் தயாராகிவிடுகிறது. பதினைந்தாவது வளைவில் எனக்குச் சரியாகிவிட்டது. பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்:

"கூட யாரும் வரலையா?"

பழைய நானாக இருந்தால் "இல்லீங்க" தான். இந்த முறை பதில் கைவசம் இருந்தது. "அம்மாவுக்கு முட்டி வலிங்க, அவங்களால வர முடியாது. மிளகு வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றேன்.

அவ்வளவுதான். அம்மாவுக்கு எந்த முட்டி, என்ன தைலம், மிளகு யாரிடம் வாங்கப்போகிறாய், ரோட்டோரக் கடையில் வாங்காதே, அதில் போன வருடத்துச் சரக்கும் கலந்திருக்கும் என்று வரிசையாக வந்தது. அவர் ஒரு காப்பி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். சேலத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி இருக்கிறதாம், பறித்த மிளகு நாலைந்து நாளாக வெயிலில் காய்கிறதாம். நாகலூர் பக்கம் ஊர் பேரைச் சொல்லி, நாளைக் காலை பத்து மணி டீக்கு வா என்றார். பேரைக் கேட்க மறந்துவிட்டேன். போனில் நம்பரை 'ஏழாவது வளைவு அக்கா' என்றுதான் பதிந்து வைத்தேன். இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பயணக் கதை என்றால் எல்லாரும் தங்கமானவர்களாகவே வருவது வழக்கம். நிஜத்தில் அப்படி இல்லை.

ஏரியைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும், நன்றாக உடுத்திய ஆள், "சென்னையா? நானும் சென்னைதான்" என்று ஆரம்பித்தார். தப்பாக ஒன்றும் இல்லை. "கூட யாரும் வரலையா?" அதே கேள்வி. நானும் அதே பதிலைச் சொன்னேன், முட்டி வலி, மிளகு. அவருக்கு அம்மாவின் முட்டியில் அக்கறை இல்லை. அடுத்த கேள்வி, "எந்த லாட்ஜ்?" அதற்கடுத்து, "எத்தனை நாள் இருப்பீங்க?" அப்புறம், "வண்டி இருக்கு, கிளியூர் அருவி வரைக்கும் போய்ட்டு வரலாமே."

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. முதல் கேள்வியை எல்லாரும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். கேட்கிறவர் யார் என்று இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும். நல்லபடியாகக் கேட்கிறவர்களுக்கு அடுத்து வருவது நம் வீடு, நம் மனுஷர்கள், சாப்பிட்டாயா என்பது. மற்றவர்களுக்கு அடுத்து வருவது நாம் எங்கே தங்கியிருக்கிறோம், எப்போது தனியாக இருப்போம் என்பது. பஸ் அக்கா மலை ஏறி இறங்கும்வரை லாட்ஜ் பேரைக் கேட்கவே இல்லை.

"அண்ணன் வந்துட்டிருக்காருங்க" என்று பொய் சொல்லிவிட்டு எழுந்து நடந்தேன். லாட்ஜ் இருக்கும் திசைக்குப் போகவில்லை. அந்த மாதிரி நேரத்தில் நேரே அறைக்குப் போவதுபோல் முட்டாள்தனம் வேறில்லை, நாமே வழி காட்டின மாதிரி ஆகும். சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் தள்ளுவண்டிப் பக்கம் போய் நின்றேன். ஒரு சோளம் சொன்னேன். ஆள் பத்தடி தள்ளி போனை நோண்டிக்கொண்டு நின்றார்.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அம்மா சோளத்தைத் திருப்பிப் போட்டார், என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூலைக் காலாலேயே வண்டிக்குப் பின்பக்கம் தள்ளினார்.

"இப்படி வந்து உக்காரு. எலுமிச்சம்பழம் நறுக்கித் தா. கத்தி அங்க இருக்கு."

உட்கார்ந்து எலுமிச்சை நறுக்கினேன். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து வைத்தேன். கால் மணி நேரம் நான் அந்தக் கடையின் ஆள். வருகிறவர்களுக்குத் தாளில் சுற்றிக் கொடுத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அந்த ஆளைக் காணோம். இருட்டுவதற்குள் அந்த அம்மாவே தெரிந்த ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். என் கதை என்ன என்று கடைசிவரை கேட்கவில்லை. சோளத்துக்குக் காசு வாங்கினார், நறுக்கியதற்குக் கூலி கழிக்கவில்லை.

ஒரு இடத்தில் தினமும் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கும் பெண்களைப் போல அந்த இடத்தைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. யார் உள்ளூர், யார் சும்மா சுற்றுகிறவன், எல்லாம் அவர்கள் கண்ணில் இருக்கிறது. புது ஊரில் இறங்கியதும் பூக்காரம்மாவோ டீக்கடை அக்காவோ ஒருவரிடம் ஏதாவது வாங்கி நாலு வார்த்தை பேசி வைப்பேன் இப்போது. மகளிர் உதவி எண் 181 போனில் இருக்கட்டும், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் பத்தடி தூரத்தில் இருக்கிற ஸ்டூல் உடனே கிடைக்கும்.

மறுநாள் காலை நாகலூர் பக்கம். எஸ்டேட்டுக்குள் போனால் வெயில் கோடு கோடாகத்தான் விழும். மேலே சில்வர் ஓக் மரங்கள், அதில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே காப்பிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். அதற்கப்புறம் இருநூறு வருடமாக இங்கே பழம் பறிக்கும் கைகளுக்கு ஓய்வில்லை. அறுவடை ஏறக்குறைய முடிகிற நேரம். சிவந்த பழத்தை மட்டும் ஒவ்வொன்றாகக் கிள்ளி இடுப்பில் கட்டிய பைக்குள் போடுகிறார்கள். பச்சை அடுத்த சுற்றுக்கு. பச்சையைச் சேர்த்துப் பறித்தால் காப்பி கசக்கும், மேஸ்திரி கத்துவார்.

அங்கே போனதும் நான் செய்த முதல் காரியம், போனை எடுத்துப் படம் பிடித்தது. வெளிச்சம் அப்படி இருந்தது. ஏழெட்டுப் பெண்கள், சிவப்புப் பழம், முக்காடு போட்ட தலைகள். நாலு படம் எடுத்திருப்பேன்.

"ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

வயதான ஒருவர், பறிப்பதை நிறுத்தாமலே சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. அதனால் இன்னும் உறைத்தது. போனை இறக்கினேன். "தப்புதாங்கம்மா" என்றேன். "வர்றவங்க எல்லாம் எடுக்கறாங்க. எங்க மூஞ்சி எங்கெங்க போகுதுன்னே எங்களுக்குத் தெரியறதில்ல" என்றார். எடுத்த படங்களை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அது அவருக்காகவா, என் வெட்கத்துக்காகவா என்று தெரியவில்லை. பஸ் அக்கா ஒன்றும் பேசாமல் பறித்துக்கொண்டே இருந்தார். எனக்காகப் பரிந்து பேசவில்லை. அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

பத்து மணி டீ வந்ததும் கொஞ்சம் இளகியது. அந்தப் பெரியம்மாவே ஒரு பழத்தை என் கையில் வைத்து, "தின்னு பாரு" என்றார். காப்பிப் பழம் இனிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கொழகொழவென்று மெல்லிய இனிப்பு, காப்பி வாசனை துளியும் இல்லை. உள்ளே இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டியிருந்தன. அடுத்த பழத்தில் ஒன்றே ஒன்று, உருண்டையாக. "இதான் பீபெரி. சில பழத்துல இப்படித்தான், ஒத்தையா வந்துரும்."

"உன்ன மாதிரி" என்றார் இன்னொரு பெண்.

எல்லாரும் சிரித்தார்கள். "அதுக்குத்தான் வெல ஜாஸ்தி" என்றார் பெரியம்மா, டீ டம்ளரைக் கவிழ்த்தபடி. தனியாகப் பயணம் போவதைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இந்த அளவுக்கு எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது அவர்களாகவே, "இப்ப எடு" என்றார்கள். முக்காட்டைச் சரிசெய்து, பையைக் கழற்றி வைத்து, வரிசையாக நின்று. முதலில் திருட்டுத்தனமாக எடுத்த படங்கள்தான் அழகாக இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் அவர்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று நினைத்தார்களோ அப்படி நின்றார்கள். பதினொரு படம் எடுத்தேன். "அனுப்பி வைப்பியா?" என்று பெரியம்மா கேட்டார். வாட்ஸ்அப் உண்டா என்றேன். பேத்தியிடம் இருக்கிறதாம், ஆனால் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி வேண்டுமாம். சரி என்றேன். டீக்கடை விலாசத்தைக் குறித்துக்கொண்டேன்.

மிளகு வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அக்கா ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரு பிடி மிளகைப் போட்டுக் காட்டினார். எல்லாம் அடியில் போய் உட்கார்ந்தது. மிதந்தால் பொக்கு, இல்லாவிட்டால் பப்பாளி விதை. விலை கேட்டேன், சொன்னார், கொடுத்தேன். வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தவரிடம் பேரம் பேசக்கூடாது. அதிகமாகத் தோன்றினால் குறைவாக வாங்கிக்கொள்ளலாம். அரைக் கிலோ கேட்டதற்குத் தட்டு நன்றாகவே தாழ்ந்தது.

பிற்பகல் சேர்வராயன் கோயிலுக்கு நடந்தேன். மலையின் உச்சி, 5,326 அடி. குகை மாதிரி தாழ்வான சன்னதி, குனிந்துதான் போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். காவிரிக்கரை ஊரில் பிறந்தவளுக்கு மலை உச்சியில் காவேரியைப் பார்த்ததும் நம் ஊர்க்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது. திரும்பும்போது பனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முன்னால் ஒரு பெரியவர், தோளில் துண்டு, கையில் தூக்குவாளி. ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நான் பின்தங்கினால் அவர் நடையும் குறைந்தது.

ஒரு திருப்பத்தில் கையைப் பின்னால் நீட்டி, "நில்லுங்க" என்றார்.

நின்றேன். முதலில் மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. அப்புறம் பனிக்குள் ஒரு கறுப்பு மேடு அசைந்தது. காட்டெருமை. ரோட்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. எங்களைப் பற்றிக் கவலையே இல்லை. பெரியவர் ஓரமாக ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். "அது போறப்ப போகும். நாமதான் அதோட ஊருக்கு வந்திருக்கோம்." அந்த இருபது நிமிடத்தில்தான் பேசினார், தணிந்த குரலில். தாங்கள் மலையாளிகள் என்றார். கேரளம் என்று நான் நினைத்துவிடக் கூடாதென்று அவரே, "இந்த மலையை ஆளறவங்க" என்று சேர்த்துக்கொண்டார். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேராம். மூத்தவர் இந்த மலைக்கு, மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும். எத்தனை தலைமுறை ஆயிற்று என்று கேட்டேன். "பாட்டனுக்கே தெரியாது" என்றார். காட்டெருமை போனது. அவரும் எழுந்தார். மெயின் ரோடு வந்ததும் தலையை மட்டும் அசைத்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டார். நம்பர் வாங்கவில்லை, படம் எடுக்கவில்லை. எடுத்திருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் கீழே இறங்கினேன். கொலுசு வேலை பாக்கி.

சேலத்தில் கொலுசு என்றால் செவ்வாய்ப்பேட்டை. முதல் இரண்டு கடையில் கும்பகோணத்தில் கேட்ட அதே பதில்: எடைக்குப் போடுங்க. மூன்றாவது கடையில் சரக்கு இறக்க வந்த பையன் ஒருவன் எட்டிப் பார்த்து, "இதெல்லாம் கடையில ஆகாதுக்கா, பட்டறைக்குப் போங்க" என்று ஒரு சந்துப் பக்கம் கையைக் காட்டினான். கடைக்காரரைவிட எடுபிடிப் பையனுக்குத்தான் வழி தெரிகிறது. இது எல்லா ஊரிலும் நான் பார்த்தது.

பட்டறை ஒரு வீட்டின் முன்னறை. இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து வளையங்களைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட இரும்புத் தகட்டில் வெள்ளிக் கம்பியை நுழைத்து இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஓட்டைக்கும் கம்பி மெலிந்துகொண்டே போனது. வயதானவர் ஒருவர் கொலுசை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நம்மூர் வேலைதான். இந்த டிசைனை இப்ப யாரும் போடறதில்ல." அப்புறம் கையை நீட்டினார். "இன்னொன்னு எங்க?"

"வீட்டில இருக்குங்க. அது நல்லாத்தான் இருக்கு."

"அது நல்லா இருக்கறதுனாலதானே அம்மணி அது வேணும்? அந்தத் திருகாணியப் பாத்தாத்தானே இதுக்கு மரை என்னன்னு தெரியும்? ஒத்தச் செருப்பத் தூக்கிட்டு வந்து ஜோடி கேக்கறீங்களே."

கோத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும்தான். இரண்டு நாளுக்குள் இது இரண்டாவது 'ஒத்தை'. டப்பா நிறையத் திருகாணிகளைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"அம்மாவுக்கு வயசென்ன?"

"71."

"திருகாணி தேஞ்சு விழல அம்மணி. மரை தேயவே இல்ல, பாருங்க. இறுக்கித் திருக விரல்ல தெம்பு இருந்திருக்காது. லூசா விட்டிருப்பாங்க, கழண்டிருக்கும். புதுசு போட்டாலும் மறுபடி விழும். பேசாம கொக்கி வெச்சுத் தந்துடறேன். ஒரு கையால மாட்டிக்கலாம்."

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். விரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆறு மாசமா மடக்க முடியலடி. முட்டிக்கே மாத்திரை சாப்பிட்டுண்டு இருக்கேன், இதையும் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றாள். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போகிறேன். அவள் கையால் காப்பி வாங்கிக் குடிக்கிறேன். எனக்குத் தெரியாதது, கொலுசை மட்டும் பார்த்த ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு மணி நேரத்தில் கொக்கி வைத்து, பாலிஷும் போட்டுக் கொடுத்தார். கூலி 120 ரூபாய், வாங்கிக்கொண்டார். முன்பின் தெரியாதவர்கள் காசே வாங்காமல் உதவினார்கள் என்று எழுதுவதைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். வேலைக்குக் கூலி வாங்குவதில் என்ன குறைச்சல்? "இன்னொன்னையும் கொண்டாங்க. ஒரு கால்ல திருகாணி, ஒரு கால்ல கொக்கின்னா அவங்களுக்குக் குழப்பம்" என்றார். "கட்டாயம் வர்றேன்" என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "வர முடிஞ்சா மே மாசம்" என்றேன். கிளம்பும்போது வாய்க்கு வந்த வாக்கைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறியதும் மறந்துபோகும் பழக்கம் எனக்கு இருந்தது. அதை விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ரயிலுக்கு நேரமிருந்தது. பட்டறைப் பெண்கள் சொன்ன தள்ளுவண்டியில் தட்டுவடை செட் சாப்பிட்டேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் கேரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி. நின்றுகொண்டே சாப்பிடும் கூட்டத்தில் இடிபட்டபோது ஒரு கல்லூரிப் பெண், "ஒரே வாயில போட்ருங்கக்கா, கடிச்சா சட்டையெல்லாம் சட்னி" என்றாள். அதற்குள் கடித்துவிட்டிருந்தேன்.

சென்னை வந்த வாரமே ஸ்டூடியோவில் படங்களைப் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். தள்ளிப்போட்டால் அனுப்ப மாட்டேன் என்று என்னை எனக்குத் தெரியும். நன்றாக வந்திருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து எட்டுப் பிரதி, ஆளுக்கு ஒன்று. பணமாகக் கொடுத்திருந்தால் அவர்கள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெரியம்மா கேட்டதும் இதைத்தான்.

பிப்ரவரி கடைசியில் போன் வந்தது. 'ஏழாவது வளைவு அக்கா' என்று திரையில் பார்த்ததும், ஆபீஸில் இருந்தேன், எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

"படம் வந்துச்சு கண்ணு. எல்லாம் நல்லா இருக்குது. ஆனா பெரியம்மா கண்ண மூடிட்டாங்க. எட்டுலயும் மூடியிருக்குது. ஒரே சண்டை. வேற இருக்கா?"

பதினொரு படத்தையும் போனிலேயே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்பதாவதில் பெரியம்மா கண்ணைத் திறந்துகொண்டு நேராகப் பார்க்கிறார். ஆனால் அதில் அக்கா திரும்பிவிட்டார். சொன்னேன். "பரவால்ல, அதையே போடு. நான் வேணும்னா கண்ணாடியில பாத்துக்கறேன்" என்றார்.

மே மாதம் கொலுசோடு வருவேன், கையிலேயே கொண்டு வருகிறேன் என்றேன்.

"இந்தத் தடவையாச்சும் கூட யாராவது வர்றாங்களா?"

"அம்மா வர்றேங்கறாங்க."

"அப்ப முன்னாடி சீட்டாப் பாத்துப் புடி. பெரியவங்களுக்கு வளைவு தாங்காது."